அடைத்த ஊசியோடு ஆர்தர் வாசலில் நிற்கிறார்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் என்னுடையதில்லை. எண்பத்தாறாம் வருஷம், ஆஸ்பத்திரியில் பிரஷர் மாத்திரைக்கு வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற பெரியவர் சொன்னது.

“புது ஊசி பெட்டியோட குடுத்தோம்ல, அங்கிள்? ஏன் பழசையே குத்துறீங்க? தொட வீங்கியிருக்கு பாருங்க. சீழ் வச்சா கால எடுக்க வேண்டி வரும்” என்றார் நர்ஸ் மிஸ்ஸி.

“பழசுதான் நல்லாருக்கு லா, மிஸ்ஸி.”

பழைய ஊசி எப்படி நல்லாயிருக்கும்? யாரிடம் கதை விடுகிறார் இந்த மனுஷன்? அந்த எரிச்சலில்தான் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2

பீடோங்கில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் ஆர்தர்...

(வேண்டாம். மழையை விட்டால் எனக்குக் கதை தொடங்கவே தெரியாதா?)

சுங்கை லாலாங் தோட்டத்தில் நெடுங்காலம் கணக்கெழுதும் கிராணியாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற திரு. ஆர்தர் அவர்கள்...

(இது மரண அறிவிப்பு. ஆள் இன்னும் இருக்கிறார்.)

சரி, நேராகவே சொல்கிறேன். ஆஸ்பத்திரிப் பெரியவருக்கு நான் வைத்த பெயர் ஆர்தர். அவருக்கு இனிப்பு நீர். தினமும் இன்சுலின் ஊசியைத் தானே தொடையில் போட்டுக்கொள்வார். மனைவி இறந்தபின் பீடோங் தாமான் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். மூன்று வீடு தள்ளி ஜோசபின் இருக்கிறாள். அவளும் கணவனை இழந்தவள். வீட்டிலேயே துணி தைக்கிறாள்.

3

முன்பெல்லாம் கண்ணாடிச் சிரிஞ்சு. ஒரே ஊசியைத்தான் திரும்பத் திரும்பப் போட வேண்டும். பால்போல் கலங்கிய மருந்து உள்ளே காய்ந்து ஊசியை அடைத்துவிடும். கூடவே வந்த மெல்லிய கம்பியை ஓட்டைக்குள் விட்டு எடுக்க வேண்டும். ஆர்தருக்குக் கண்ணில் புரை. ஜோசபினுக்கு நாளெல்லாம் நூல் கோத்துப் பழகிய கை. அடைத்தால் அவளிடம் கொண்டுபோவார்.

கம்பி விட்டு எடுப்பது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அப்புறம் ஊசியைச் சட்டியில் போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும்.* அது கொதித்து ஆறும்வரை ஆர்தர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ வரும். பேச்சும் வரும்.

* சின்னச் சட்டிதான். ஜோசபின் அதில் ஏன் அவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறாள் என்று கேட்காதீர்கள். எழுதும்போது கை அப்படி ஊற்றிவிட்டது.

பிறகு ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சிரிஞ்சும் ஊசியும் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு முறை குத்திவிட்டுத் தூக்கிப் போட வேண்டியதுதான். அடைப்பு என்ற பேச்சே இல்லை. மூன்று வீடு தாண்டிப் போகக் காரணமும் இல்லை. சும்மா வந்தேன் என்று சொல்லத் தெரியாத மனிதர் ஆர்தர். என்ன செய்தார்? ஒரே ஊசியைப் பல நாள் குத்தினார். கழுவாமல், மருந்து காயட்டும் என்று விட்டு வைத்தார். அடைத்துக்கொண்டதும் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

பாவி மனுஷன். என் எரிச்சல் இந்த இடத்தில்தான் போயிற்று.

4

முதலில் ஜோசபினை ஒன்றும் தெரியாதவளாக எழுதினேன். நம்பும்படி இல்லை. ஊசியோடு பிழைப்பவளுக்கா தெரியாது?

“என்னண்ணே, கால இழுத்து நடக்குறீங்க?”

“ஒன்னுமில்ல, ஜோசபின்மா. ஊசி மறுபடியும் அடச்சிருச்சு.”

“புதுசு முடிஞ்சிருச்சா?”

“இருக்கு...”

அவள் சட்டியை அடுப்பில் வைத்தாள்.

5

முடிவுகள்.

ஒன்று: காலை எடுத்துவிடுகிறார்கள். எழுதினேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கிழித்துவிட்டேன்.

இன்னொன்று: மாதா கோயிலில் கல்யாணம். ஜோசபின் என்னை முறைத்தாள். அண்ணே என்று கூப்பிட்டுப் பழகிய வாய்.

கடைசியாக ஒன்று: ‘ஊசி அடைக்காட்டியும் வாங்கண்ணே’ என்று அவள் சொல்கிறாள். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் புது ஊசிப் பெட்டியைப் பிரித்துவிடுவார். கால் பிழைக்கும். ஆனால் எத்தனை தடவை எழுதினாலும், அவள் வாயைத் திறந்து “கோப்பி போடவா?” என்றுதான் கேட்கிறாள். எதிர்வீட்டு ஜன்னலில் திரை அசைகிறது. ஞாயிறு பூசை முடிந்தால் கோயில் வாசலில் நின்று பேச ஆட்கள் இருக்கிறார்கள். ஊசியோடு வந்தால் ஆர்தர் நோயாளி. வெறுங்கையோடு வந்தால் ஆம்பளை.

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

6

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எப்போதோ ஏதாவது ஒரு முடிவோடு முடித்திருக்கலாம். முடித்தால் ஆர்தர் வரமாட்டார். இப்போது தினமும் சாயங்காலம் என் மேசைக்கு வருகிறார். வேறு யார் வருகிறார்கள் என் வீட்டுக்கு?

ஆனால் நான் இழுத்தடிக்க இழுத்தடிக்க அவர் தொடை வீக்கம் ஏறிக்கொண்டே போகிறது. நேற்று எழுதிய பக்கத்தில் அவரால் படியேற முடியவில்லை. எனக்குத் துணை வேண்டும் என்பதற்காக ஒரு மனிதனுடைய காலைப் பலி வாங்கலாமா?

அதனால் உங்களைக் கூப்பிடுகிறேன். ஆர்தர் வாசலில் நிற்கிறார், கையில் கைக்குட்டை. ஜோசபின் கதவைத் திறந்துவிட்டாள். எதிர்வீட்டுத் திரை அசைகிறது. அவளால் முடியவில்லை, எனக்கும் துணிச்சல் இல்லை. அவள் சொல்ல வேண்டியது மேலே ஐந்தாம் பகுதியில் இருக்கிறது. அதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எதிர்வீட்டுக்குக் கேட்டால் கேட்கட்டும்.