குஞ்சுப்பானை

முருகேசன் மடைமேட்டில் ஏறி நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், கரையில் காத்திருந்த ஊர் மொத்தமும் கண்மாய்க்குள் இறங்கியது. நத்தம் பக்கத்து ஊர்களில் கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு வற்றினால் இப்படித்தான் மீன்பிடித் திருவிழா நடக்கும். அதுவரை வருடம் முழுக்க ஒருவரும் தூண்டில்கூடப் போடக் கூடாது. பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டுச் சட்டியில்தான் கொதிக்க வேண்டும்.

மாயக்காள் மட்டும் இடுப்பில் மண்பானையோடு கரையிலேயே நின்றாள். ஊரில் அவள் குடும்பத்துக்கு இருக்கிற ஒரே மரியாதை அந்தப் பானைதான். பெரிய மீனெல்லாம் பிடித்து முடிந்ததும் பெண்கள் சேற்றில் கிடக்கும் குஞ்சுகளைப் பொறுக்கி அதில் போடுவார்கள். அவள் அதைத் தலையில் சுமந்துபோய்க் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாறைக்குழியில் விட வேண்டும். ஐப்பசி மழையில் குழி நிரம்பி வழியும்போது குஞ்சுகள் ஓடை வழியே கண்மாய்க்குத் திரும்பிவிடும். அடுத்த வருடத்து மீனுக்கு அதுதான் விதை. தாலியறுத்தவள் கையில் விதை மீனைக் கொடுக்கலாமா என்று ஒருத்தன் கேட்டபோது, ஊர்ப் பெரியதனக்காரர் முருகேசன்தான் அவன் வாயை அடைத்துப் பானையை அவளிடமே விட்டுவைத்தார்.

இன்றைக்கு அவள் ஒவ்வொரு கூடையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கண்மாயை ஒட்டிய தன் மாந்தோப்பு மூலையில் ஒரு குட்டை வெட்டி, வெளியூர் வண்டிக்காரன் கொடுத்த ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சுகளை விட்டிருந்தாள். கோழிக்கடைக் கழிவைப் போட்டால் போதும், ஆறே மாதத்தில் கை நீளம் வளரும் என்றான் அவன். சொன்னபடியே வளர்ந்தது. குட்டையில் விழுந்த தவளையும் மிஞ்சவில்லை, தண்ணிப்பாம்பும் மிஞ்சவில்லை. அப்புறம்தான் மருமகள் மகேஸ்வரி, யூனியன் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்துவிட்டு வந்து சொன்னாள். அது அரசாங்கம் தடை செய்த மீனாம். வெளியே போனால் மற்ற மீனையெல்லாம் தின்று தீர்த்துவிடுமாம். உடனே அழிக்க வேண்டுமாம்.

அழிக்கத்தான் வேண்டும், விற்றுவிட்டு அழிப்போம் என்று மாயக்காள் நாளைக் கடத்தினாள். அந்த வருடமே ஐப்பசி முந்திக்கொண்டது. அடைமழையில் குட்டை உடைந்து கண்மாயோடு கலந்துவிட்டது. மழை விட்டதும் ஜேசிபியை வரவழைத்துக் குட்டையை மூடினாள். கொசு மொய்க்கிறது, அதனால் மூடினேன் என்று ஊருக்குச் சொன்னாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவள், ஓணானை விட்டுவிட்டு மடியை மட்டும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

கண்மாயில் முதலில் எழுந்தது சந்தோஷக் கூச்சல்தான். சேற்றில் குத்திய ஊத்தாக் கூடைக்குள் கைவிட்டவனெல்லாம் தொடை தண்டி மீனைத் தூக்கினான். கறுத்த வழவழப்பான உடம்பு, தட்டைத் தலை, வாயைச் சுற்றி மீசை. அரை மணி நேரத்தில் கூச்சலின் தொனி மாறியது. விராலைக் காணோம், குரவையைக் காணோம். அயிரைக் குழம்புக்கு ஆசைப்பட்டுத் திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை ஒருவர், வெறும் கொசுவலையைப் பிழிந்துகொண்டு நின்றார். எந்தக் கூடையைப் பார்த்தாலும் அதே மீசை. ஒருத்தி ஒன்றின் வயிற்றைக் கீறினாள். உள்ளே பாதி செரித்த கெண்டைகள் கிடந்தன.

இது ஒரு வருடக் கோளாறு, குஞ்சுகளைக் காப்பாற்றிவிட்டால் அடுத்த வருடம் சரியாகிவிடும் என்று முருகேசன் சமாதானம் சொன்னார். பாவம், அவருக்கென்ன தெரியும். பெண்கள் குனிந்து பொறுக்கினார்கள். மாயக்காள் பானைக்குள் எட்டிப் பார்த்தாள். விரல் நீளத்துக்கு நெளிந்த அத்தனைக்கும் மீசை இருந்தது.

பானையைத் தலையில் தூக்கிவைத்த மகேஸ்வரி காதோடு சொன்னாள்.

"அத்தே, பேசாமக் கொண்டுபோய் ஊத்திட்டு வந்துருங்க. ஒருத்தருக்கும் தெரியாது."

பத்தடி நடந்தாள். அதற்கு மேல் கால் வரவில்லை. பானையை இறக்கி, காய்ந்த கரைமண்ணில் அப்படியே கவிழ்த்தாள். தரையில் விழுந்த குஞ்சுகள் சாகவில்லை. வயிற்றால் ஊர்ந்து கண்மாய்ப் பக்கமே திரும்பின. அவள் செருப்புக்காலால் மிதிக்க ஆரம்பித்தாள்.

முருகேசன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார். "ஏத்தா மாயக்கா, கிறுக்குப் பிடிச்சிருக்கா? வெத மீனுல்ல அது?"

"இது நம்ம மீனில்லண்ணே. என் குட்டை மீனு. மழையில ஒடச்சுக்கிட்டு வந்துச்சு. நாந்தான் மூடி மறச்சேன்."

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு குஞ்சுகூடத் தப்பக் கூடாது, மிச்சத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்க வேண்டும், சேற்றில் சுண்ணாம்பைக் கொட்ட வேண்டும், மண் வெடிக்கும்வரை வெயிலில் காயவிட வேண்டும், மழைக்கு முன்னால் ஓடையில் வலை கட்ட வேண்டும். நோட்டீஸில் இருந்ததெல்லாம் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. சிலர் கெட்ட வார்த்தையில் ஏசினார்கள். பானையைப் பிடுங்கு என்று ஒருவன் கத்தினான். அவளுக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

முருகேசனின் முகம் திடீரென்று தெளிந்தது.

"விடுங்கப்பா. தப்புப் பண்ணுனா, வாயத் தொறந்து சொல்லிட்டா. பாறைக்குழி இருக்குல்ல? போன வருசம் விட்ட நம்ம குஞ்சுகள்ல ஓடையில போனது போக மிச்சம் அங்கதான் கெடக்கும். அத வச்சு கண்மாயத் திரும்ப நெரப்பிருவோம்."

போன உயிர் ஊருக்குத் திரும்பி வந்தது. ஏசியவன்கூட வாயை மூடினான். மாயக்காள் அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். பானையும் அவளிடமே இருந்திருக்கும்.

போன வருடம் பானையில் விரால் குஞ்சுகளுக்கு நடுவே ஏழெட்டு மீசைகள் நெளிந்ததை அவள் பார்த்திருந்தாள். ஊரே குலவை போட்டுக்கொண்டு பின்னால் வந்தது. எடுத்து எறிந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

"போன வருசமும் இருந்துச்சுண்ணே," என்றாள். "பாத்துக்கிட்டேதான் கொண்டுபோய் விட்டேன்."

முருகேசன் கோயிலைப் பார்த்து நடந்தார், ஊர் பின்னாலேயே போனது. கடைசியாக வெறும் பானையோடு அவளும் போனாள். குழிக்கரையில் பூசைக்கு வைத்திருந்த பொரியில் ஒரு கை அள்ளி அவர் தண்ணீரில் தூவினார். எப்போதும் பொரி விழுந்த இடத்தில் கெண்டைக் குஞ்சுகள் மொய்க்கும். தண்ணீர் அசையாமல் கிடந்தது. பிறகு ஆழத்திலிருந்து அகலமான கறுத்த தலை ஒன்று மேலே வந்து, சாவகாசமாக வாயைத் திறந்து பொரியை விழுங்கியது.

முருகேசன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்புறம், மாயக்காள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"மோட்டார மொதல்ல இங்க கொண்டாங்கப்பா."

அந்தக் குழி வற்றி அந்த ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.