பட்டினி கிடந்த செல்கள்

கார்னிவல் விடுமுறை முடிந்து கிரிசெல்டா ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது, சக ஆய்வாளன் ஃபாப்ரிசியோ மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சியபடி வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"வா தாயி, வா. உன் செல்லுங்களுக்குச் சனிக்கிழமையே வந்து வயிறு முட்டச் சாப்பாடு ஊத்திட்டேன். பாவம், வாடிக் கிடந்துச்சு."

அவளுக்குப் பகீரென்றது. ரொசாரியோ நகரின் அந்த ஆய்வகத்தில், விடுமுறையில் வருகிறவர் எல்லோருடைய செல்களுக்கும் உணவுக் கரைசல் ஊற்றிவிட்டுப் போவது வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் இவள் தன் செல்களை வேண்டுமென்றே பட்டினி போட்டிருந்தாள். ஊற்றாதே என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போகத்தான் அம்மணிக்குப் புத்தி வரவில்லை.

எச்.ஐ.வி. வைரஸ் செல்லுக்குள் புகுந்து தன் டி.என்.ஏ.வை உருவாக்கும்போது, நடுவில் ஓரிடத்தில் இழைமேல் இழை சற்று ஏறிக்கொள்கிறது, தையலில் துணி மடிந்து நிற்பதைப் போல. உட்கருவுக்குள் நுழைய அதற்குக் கைகொடுப்பது அந்த மடிப்புதான் என்பது கிரிசெல்டாவின் கட்சி. அதற்காகவே மடிப்பில்லாத வைரஸ் ஒன்றையும் உருவாக்கி, இரண்டையும் தனித்தனித் தட்டுகளில் இருந்த செல்களில் விட்டிருந்தாள். வைரஸ் உட்கருவுக்குள் போய்விட்டால் செல் பச்சையாக ஒளிரும். ஆனால் தின்று கொழுத்த செல் இரண்டாகப் பிரியும். அப்போது உட்கருவின் சுவரே கரைந்துவிடும், எந்த வைரஸும் உள்ளே போகலாம். பட்டினியால் பிரியாமல் சும்மா கிடக்கும் செல்லில்தான் உண்மை தெரியும். இன்று மதியம் முடிவைக் காட்டாவிட்டால் இந்த ஆராய்ச்சியையே மூடிவிடுவதாக ஆய்வகத் தலைவி சொல்லியிருந்தாள். நான்கு வருட உழைப்பு.

நுண்ணோக்கியில் குனிந்தாள். மடிப்புள்ள வைரஸும் பச்சை, மடிப்பில்லாததும் பச்சை.

"ஏன்டா, உன்ன யாருடா விருந்து வைக்கச் சொன்னது?"

"நல்லது செஞ்சா திட்டு வேறயா? அப்ப இதுக்கும் சேத்துத் திட்டிரு. கரைசல் தீந்துபோச்சு. கீழ் அடுக்குல உன்னோட கடைசி ரெண்டு தட்டுக்கு ஊத்தல."

அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். முதல் தட்டு மடிப்புள்ள வைரஸ்: பச்சை. அடுத்தது மடிப்பில்லாதது: கும்மிருட்டு. அழுகை வந்தது, அடக்கிக்கொள்ளவில்லை.

ஃபாப்ரிசியோ அரண்டுபோய் எட்டிப் பார்த்தான். "ஐயையோ, பசியிலயே செத்துருச்சா?"

அவள் நுண்ணோக்கியின் சாதாரண விளக்கைப் போட்டாள். செல்கள் தட்டில் ஒட்டிக்கொண்டு நன்றாகவே இருந்தன.

"சாகலடா, உசுரோடதான் இருக்கு" என்றாள். "வைரஸுக்குத்தான் கதவு தொறக்கல."