கண்ணாடிக்குள் காய்ச்சல்

1951-ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில், ராயபுரத்துக் கண்ணாடிக்காரர் செல்வநாதனின் மகள் தேவகிருபையைக் காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பியபோது, அவளுடைய காய்ச்சல் மட்டும் நூற்றுமூன்று டிகிரியில் பாயிலேயே படுத்திருந்தது. இறந்தவர் படுத்த பாயைச் சுருட்டிக் கடலில் விடுவது அந்தத் தெரு வழக்கம். சுருட்டக் குனிந்த அதே தெருக்காரன் கிருஷ்ணப்பன் சூடு தாங்காமல் கையை உதறிக்கொண்டு எழுந்தான். பக்கத்து வீட்டுக் கமாலுதீன் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவர். சட்டைப் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து, பாயில் பிள்ளையின் தலை பதிந்திருந்த குழியில் வைத்துப் பார்த்தார். "முந்தாநேத்து இருந்த காச்சல்தான் மாமு. ஒரு பாயிண்டுகூட எறங்கல," என்றார். துக்கத்துக்கு வந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு, காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அந்த வருஷம் மழை தாமதம், துறைமுகத்தில் வேலையும் குறைவு. பேச வேறு விஷயங்கள் இருந்தன.

செல்வநாதன் பிஸ்கட் கடை அலமாரிகளுக்கும் கப்பல் அறை ஜன்னல்களுக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர். அந்தச் சூட்டை என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, கற்றுக்கொடுத்தவளே மகள்தான். ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பூசை முடிந்து வந்தவர் வெட்டி வைத்த கண்ணாடித் துண்டுகளைக் காணாமல் கத்திக்கொண்டே வீட்டின் பின்பக்கம் போனார். வெயிலில் இரண்டு தம்ளர் தண்ணீர் இருந்தது. ஒன்று திறந்து கிடந்தது. மற்றொன்றைச் சுற்றி நாலு பக்கமும் கண்ணாடி, மேலே ஒரு கண்ணாடி, மூலைகளில் மெழுகுவத்தியை உருக்கி ஒட்டியிருந்தது.

"யாரக் கேட்டுகினு கண்ணாடிய எட்த்த?"

"கத்தாத நைனா. இதுல வெரல வுடு. இப்ப அதுல வுடு. எது சூடு?"

மூடி வைத்ததுதான் சூடு. அவர் மறுபடியும் விரலை விட்டுப் பார்த்தார்.

"வெயிலு கண்ணாடி வயியா உள்ள பூந்துடுது. சூடா மாறிட்டா வெளிய போவ வயி தெரில அதுக்கு. உள்ளயே சுத்திகினு கீது. டீச்சர் சொன்னாங்க."

"வயி தெரியாத முட்டாளா அது?"

"உன்ன மாரியே," என்று சொல்லிவிட்டு அவள் ஓடிப்போனாள். அந்த வாரம் கடைக்கு வந்த வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் தம்ளரில் விரலை விட்ட பிறகுதான் கண்ணாடி வாங்க முடிந்தது.

ஆகவே அடக்கத்துக்கு மறுநாள் செல்வநாதன் நல்ல கனமான கண்ணாடியாகப் பார்த்து வெட்டி, பாயின் மேல், ஓரத்தில் கை மட்டும் நுழைகிற சின்ன மூடியோடு ஒரு பெட்டி கட்டினார். அத்தோடு விடவில்லை. மழைக்காலத்தில் காய்ச்சல் இறங்கிவிடுமோ என்று பயந்து, பாய்க்கு நேர் மேலே இருந்த கூரை ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடுகளாகப் பதித்தார். காலையிலிருந்து சாயங்காலம்வரை வெயில் பெட்டிக்குள் இறங்கியது. கார்த்திகை, மார்கழி, தை என்று மாதங்கள் போயின, சூடு போகவில்லை. தெரு அதற்குச் சீக்கிரமே பழகிக்கொண்டது. அதே தெருப் பச்சையம்மா தன் கோழி முட்டைகளைப் பெட்டியோரம் வைத்துக் குஞ்சு பொரிக்க விட்டாள். பிரசவமான பெண்கள் இடுப்பு வலிக்குப் பெட்டியை ஒட்டிய சுவரில் சாய்ந்துவிட்டுப் போனார்கள். வேலைக்குப் போகுமுன் செல்வநாதன் கண்ணாடியில் கன்னத்தை வைப்பார். வந்ததும் வைப்பார். அவருடைய ஒரு கன்னம் மட்டும் கறுத்துப்போனது அப்படித்தான்.

கண்ணாடி வேலைக்காரனைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தவறு அது. உள்ளே இருக்கும் சூடு போகாது என்று பார்த்தாரே தவிர, தினமும் புதிதாக வருகிற வெயிலும் போகாது என்பதை அவர் நினைக்கவில்லை. அடுத்த வருஷம் நூற்றுநாலு. அதற்கடுத்த வருஷம் நூற்றாறு. ஜும்மா தொழுகை முடிந்து வரும்போதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கமாலுதீன், ஐம்பத்துநாலு சித்திரையில் தெர்மாமீட்டரைப் பெட்டிக்குள் விட்டார். வெடித்து, பாதரசம் தரையில் உருண்டது. "பாயா பாய்லரா மாமு இது?" என்று சிரித்தவர், செல்வநாதனின் மனைவி சிலுவையம்மாளின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

சிலுவையம்மாள் பெட்டியின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி முத்து முத்தாக வியர்த்திருந்தது. கையை விட்டு ஒரு சொட்டை எடுத்து நாக்கில் வைத்தாள். உப்பு. அன்றிலிருந்து அவள் ஈரத்துணியை நனைத்து நனைத்துக் கண்ணாடியின் மேல் போட்டாள். போட்ட மாத்திரத்தில் துணி காய்ந்தது. உள்ளே யாருமில்லாத பாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டது.

"தொறந்து வுடுய்யா. புள்ள கொதிக்கிது."

"தொறந்தா ஆறிப்பூடும் சிலுவ."

"ஆறட்டும்."

"ஆறிப்பூட்டா அப்றம் நமக்கு இன்னா கீது?"

"புள்ளைக்கு நோவுதுன்றேன். நமக்கு இன்னா கீதுன்னு கேக்குறியே."

செல்வநாதன் எழுந்து கடைக்குப் போனார். யாருக்கோ வெட்ட வேண்டிய கண்ணாடியை எடுத்து அப்படியே வைத்துவிட்டு, மதிய வெயிலில் திரும்பி வந்தார். மேல் கண்ணாடியை வெறுங்கையால் தூக்கினார். துணி எடுத்துத் தர சிலுவையம்மாள் ஓடி வருவதற்குள் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டன. சூடு உடனே கிளம்பவில்லை. அவருடைய நெஞ்சுக்கு நேராகக் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு சிலுவையம்மாளைச் சுற்றி ஒரு தரம் வந்தது. வாசலில் தொங்கிய கோணித்திரை விலகியது, அவ்வளவுதான். தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் இடுப்பு உயரத்துக்கு ஏதோ வெதுவெதுவென்று உரசிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். செல்வநாதன் பாயைத் தொட்டுப் பார்த்தார். வெறும் கோரைப்பாய். சித்திரை மாதப் பகலில், குளிருகிறது என்று சொல்லிப் போர்வை கேட்டார். சிலுவையம்மாள் தானும் அந்தப் போர்வைக்குள் உட்கார்ந்துகொண்டாள். இருவரும் சேர்ந்து அழுததை எதிர்வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்கள்.

உயிரோடு இருந்தபோது தெருமுனைக் கார்ப்பரேஷன் குழாயில் வரிசை பிடிக்கும் வேலை தேவகிருபையுடையதாக இருந்தது. அந்த மாதக் கடைசியில், காலை வரிசையில் ஓரிடம் மட்டும் இளஞ்சூடாக இருப்பதைப் பெண்கள் கண்டார்கள். காய்ச்சல் சூடு அல்ல. வெந்நீரில் குளித்துவிட்டு வந்து நிற்கும் பிள்ளையின் உடம்புச் சூடு. அவர்கள் அந்த இடத்தை விட்டுவிட்டு நின்றார்கள். வரிசை நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. குழாயடிக்கு வந்ததும் கலைந்துபோனது. மறுநாள் மறுபடியும் வந்தது. செல்வநாதனும் வரத் தொடங்கினார்; இடைவெளிக்குப் பின்னால் போய் நிற்பார்.

"கொடம் இல்லாம இன்னாத்துக்கு நைனா நிக்கிற? ஆம்பளைக்கு இங்க இன்னா வேல?" என்று வரிசையில் நின்ற தாயம்மா முதல் நாள் ஏசினாள். அவர் நின்ற இடம் எது என்று பார்த்தாள். பிறகு ஏசவில்லை.

வருஷம் போகப்போக அந்தச் சூட்டின் உயரம் கூடியது. ஐம்பத்தைந்தில் நெஞ்சு மட்டம், ஐம்பத்தெட்டில் தோள். "ஒசந்துகினே போறா நைனா, ஒன் பொண்ணு," என்று பச்சையம்மா சொன்னபோது அவர் தலையை ஆட்டினார். தெருவுக்குப் புதிதாக வந்த ஒரு பெண், காலியாகக் கிடக்கிறதே என்று அந்த இடத்தில் குடத்தை வைக்கப் போனாள். "அங்க ஆளு கீது," என்றாள் தாயம்மா. அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்னால் போனாள்.