மலர்ப்பாதைக்கு வந்த மண்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியான மகத்தான நிகழ்ச்சி, வரும் ஞாயிறு காலை ஆம்பூரை ஒட்டிய மலையடிவாரத்தில் நடக்கவிருப்பதாகவும், அதன்பின் உலகம் பழையபடி இருக்காது என்றும் ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி ஊரெல்லாம் முழங்கியது. விஷயம் இதுதான். மலையேறும் பொதுப்பாதையின் இருபுறமும் காட்டுப்பூ விதைக்கப் போகிறார்கள். காட்டில் பூ முளைக்க இத்தனை காலம் ஒரு கமிட்டி இல்லாமலிருந்தது பெரிய குறைதான்.

கமிட்டித் தலைவர் சீனிவாசன், ஷூ கம்பெனி முதலாளி. ஆர்டர் பிடிக்க ஜெர்மனிக்குப் போனவர், அங்கே மலைப்பாதை ஓரம் பூத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, ஆர்டர் இல்லாமல் யோசனையோடு திரும்பினார். ஆர்டர் இல்லாததால் தையல் பிரிவுப் பெண்கள் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. யோசனை மட்டும் வேலையில் நீடித்தது.

வேலை போனவர்களில் ஒருத்தி மோகனா. அவளுக்குப் பூவைப் பற்றி அக்கறை கிடையாது. அவளிடம் ஐந்து கிடாய்கள் இருந்தன. பக்ரீதுக்கு விற்பதற்கென்று குட்டியாக வாங்கி, பெயர் வைக்காமல் வளர்த்தவை. பெயர் வைத்துவிட்டால் கயிற்றை மாற்றிக் கொடுக்கும்போது கை வராது. அவை விலை போனால்தான் மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிப்பாள். மேய்ச்சலோ அந்தப் பாதையோரத்தில்தான். அங்கே ஆடுமாடுகளுக்குத் தடை என்று கமிட்டி பலகை எழுதக் கொடுத்திருந்தது.

மோகனா சீனிவாசன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“சார், பண்டிகை வரிக்கும் உடுங்க சார். வேற எங்க ஓட்டிக்கினு போறது?”

“இது மக்கள் திட்டம்மா,” என்றார் அவர். “ஆனா மக்கள்தான் வர மாட்டேங்கிறாங்க. நம்ம பழைய தையல் பொண்ணுங்கள இட்டுக்கினு வா. உன் ஆடு மட்டும் மேயட்டும், நான் சொல்லிடறேன்.”

இப்படியாக மக்கள் கிடைத்தார்கள். ஆளுக்கொரு பச்சை பனியனும் கிடைத்தது.

முதல் வேலையாகப் பாதையோரத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்த ஆவாரஞ்செடிகளை வெட்டி எறிந்தார்கள். ஒரு காலத்தில் தோல் பதனிடப் பட்டை தந்த செடி அது. ஆகவே இந்த ஊர்க் கணக்கில் அது மூலப்பொருள், பூவல்ல.

வெட்டிய இடத்தில் பாறைதான் தெரிந்தது. மண் வேண்டும். ஒரு தோல் தொழிற்சாலை மண்ணைத் தானமாகத் தந்தது. அங்கே கிடங்கு மேஸ்திரியாக இருந்த அமீர் பாஷா டிராக்டரோடு வந்து இறங்கினார். உப்புப் போட்டு வரும் பச்சைத் தோல்களை அந்தக் கிடங்கின் பின்புறத்தில்தான் உதறுவார்கள். வருடக்கணக்காக உதிர்ந்த உப்பு, மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. அதைத்தான் வழித்துக் கொண்டுவந்திருந்தார். நாற்றத்தை யாரும் கவனிக்கவில்லை. அங்கே எல்லோருடைய மூக்கும் ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகிறது.

மோகனா அன்னக்கூடையில் மண்ணை அள்ளினாள். விரல் வெடிப்புகள் தீயாய் எரிந்தன.

“இன்னா பாய், மண்ணு இப்பிடி எரியுது?”

“உரம்மா. சத்து ஜாஸ்தி.”

அமீர் பாஷா பொய் சொல்லவில்லை. யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அவளுடைய கிடாய்களில் ஒன்றைப் பக்ரீத் குர்பானிக்குச் சொல்லி வைத்திருந்தவரே அவர்தான். மோகனாவும் மேலே கேட்கவில்லை. வாங்கின அனுமதி கைவிட்டுப் போகாமல் இருந்தால் போதும். கை எரிந்தால் எரியட்டும்.

விதை தூவி முடித்ததும் சீனிவாசன் பேசினார். இயற்கை அன்னைக்கு நாம் பட்ட கடன் இன்றோடு தீர்ந்தது என்றார். இயற்கை அன்னை சார்பில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

மறுநாளே கிடாய்கள் பாதைக்குப் போயின. புல்லை விட்டுவிட்டு மண்ணை நக்கின. மோகனாவுக்குச் சிரிப்பு வந்தது.

“டேய், இன்னாடா அப்பிடி ருசி? மொதலாளி வீட்டு பிரியாணியா?”

மே மாத வெயில். மலையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வார முடிவில் ஒரு கிடாய் செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி வந்து, பாறையில் முட்டி, காலை உதைத்துக்கொண்டு விழுந்தது. இருட்டுவதற்குள் இன்னும் இரண்டு. மிச்ச இரண்டும் விடியும்வரை தாங்கவில்லை.

கால்நடை டாக்டர் செத்த கிடாயின் வாயைத் திறந்து பார்த்தார். “உப்பும்மா. தோலு அழுகாம இருக்கப் போடற மருந்தும் சேர்ந்திருக்கும். எங்க போய் தின்னுச்சு?”

மோகனா தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு அமீர் பாஷா வீட்டுக்கு ஓடினாள்.

“பாய், இன்னா மண்ணு பாய் அது?”

“சத்தியமா தோணல தங்கச்சி. டெய்லி மிதிக்கிற மண்ணு.”

சீனிவாசனுக்குப் பதில் உடனே தோன்றியது. “மேயத்தாம்மா அனுமதி குடுத்தேன். மண்ண நக்கச் சொல்லி யார் சொன்னது?” என்றார். விதைத்த இடத்தை ஆடுகள் மிதித்துப் பாழாக்கியதைப் பெருந்தன்மையோடு மன்னித்தும் விட்டார்.

தானாகச் செத்த கிடாயின் கறியை யாரும் தொடமாட்டார்கள். தோல் அப்படியில்லை, இந்த ஊரில் தோலுக்கு எப்போதும் ஆள் உண்டு. உரிப்பதற்கு ஒருவனைக் கூட்டிக்கொண்டு அமீர் பாஷாவே வந்தார். கிடங்கிலிருந்து கொண்டுவந்த உப்பை ஐந்து தோலிலும் தன் கையாலேயே தேய்த்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. மோகனா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். தோல்கள் அதே டிராக்டரில் அதே கிடங்குக்குப் போயின.

மகள் நர்சிங்கை விட்டுவிட்டு, நாட்றம்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷூவுக்குப் பசை தடவப் போகிறாள். பாதை முகப்பில் ‘மலர்ப்பாதை’ என்று கிரானைட் கல் நட்டார்கள். கமிட்டிக்குக் கேடயம் கிடைத்தது.

பூ ஒன்றும் முளைக்கவில்லை.