பரிசப் புடவை

எழுபத்தெட்டு ஜூன், காலை ஷிப்ட் சங்கு ஊதி ஓய்ந்த நேரம். சங்கரன்கோவிலிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் வந்த வெள்ளைச்சாமி, அக்கா பார்வதியின் சுரங்கக் குவார்ட்டர்ஸ் வாசலில் துணிப்பையோடு நின்றான். பைக்குள் பரிசப் புடவை. பார்வதியின் மகள் சந்திரகலாவை அவனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. தாய்மாமன் முறை. அவளை யாரும் கேட்கவில்லை.

“நீ சொன்ன பச்சைப் பட்டு, புள்ள. கடைக்காரனை வாயைத் திறக்க விடல. நானே பாத்து எடுத்தேன்.”

சந்திரகலா பிரித்தாள். அரக்கு.

அவள் அப்பா கருணாகரன் காபி டம்ளரைக் கீழே வைத்தார். “இது பச்சைன்னா நான் கலெக்டர், மாப்ள.”

“காலங்காத்தால கேலியா, அத்தான்?”

யாரும் சிரிக்கவில்லை. முந்தாநாள்தான் சந்திரகலாவின் அண்ணன் சண்முகசுந்தரம் மைன்ஸ் வேலைக்கான கண் பரிசோதனையில், புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண் தெரியாமல் திரும்பியிருந்தான். அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரியவில்லையாம். தன் வம்சத்தில் எல்லாருக்கும் கழுகுக் கண் என்று கருணாகரன் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பார்வதிக்கும் குறையில்லை. மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஜாக்கெட் துணி எடுக்க, பிளாக்கில் எல்லாரும் அவளைத்தான் கூட்டிப்போவார்கள்.

கடலூரில் விலங்கியல் படிக்கும் சந்திரகலா தையல் டப்பாவிலிருந்த நூல்கண்டுகளைப் பாயில் கொட்டினாள்.

“மாமா, ஒரே நிறத்தையெல்லாம் ஒண்ணா சேருங்க.”

“பொண்ணு பாக்க வந்தவனுக்குப் பரீட்சையா?”

ஆனாலும் உட்கார்ந்தான். கரும்பச்சை, அரக்கு, காப்பிப்பொடி எல்லாம் ஒரே கும்பலாயின. அவள் கலைத்துவிட்டு அண்ணனை உட்காரவைத்தாள். அதே கும்பல்.

“சரியாத்தானே வச்சிருக்கான்?” என்றான் வெள்ளைச்சாமி. இப்போது எல்லாரும் சிரித்தார்கள்.

“அப்ப உங்க வீட்டுச் சொத்துதான்” என்றார் கருணாகரன்.

“ஆமாப்பா. அம்மா வழியாத்தான் வந்திருக்கு.”

“எனக்கு நல்லாத்தானேடி தெரியுது?” என்றாள் பார்வதி.

“நிறம் பிரிச்சுப் பாக்குறது எக்ஸ் குரோமோசோம்ல இருக்கும்மா. உனக்கு அது ரெண்டு. ஒண்ணு பழுதானாலும் இன்னொண்ணு சமாளிச்சிரும். ஆம்பளைக்கு ஒண்ணுதான், அதுவும் அம்மா கொடுக்கிறது. நீ அண்ணனுக்குப் பழுதானதைக் கொடுத்துட்டே.”

பார்வதி நூல்கண்டுகளைப் பார்த்தாள். ஒவ்வொரு நிறமும் தனித்தனியாகத் தெரிந்தது. நாற்பது வயதுவரை தனக்கே தெரியாத ஒன்று உள்ளே இருந்திருக்கிறது. வருத்தம் பிறகுதான் வந்தது. முதலில், உடம்பில் எந்த இடத்தில் இருக்கும் அது என்றுதான் யோசித்தாள்.

“உனக்கு எதைக் கொடுத்தேன்?”

“தெரியாது. ரெண்டுல ஒண்ணு. பாத்துச் சொல்ல வழியில்ல.”

வெள்ளைச்சாமி புடவையை மடிக்கத் தொடங்கியிருந்தான். கருணாகரன் சிரிப்பை நிறுத்தினார். சந்திரகலா அம்மா பக்கம் திரும்பினாள்.

“என்கிட்டயும் அது இருந்து, நான் அதையே என் பொண்ணுக்குக் கொடுத்தா, மாமா அவளுக்குக் கொடுக்க இருக்கிறதும் அது ஒண்ணுதானே. அவளுக்குச் சமாளிக்க இன்னொண்ணு எங்கேருந்தும்மா வரும்?”