புளி ஊற்றாத பிடிகருணை

எங்கள் தோட்டத்துப் பிடிகருணை அரிக்காது. முப்பது வருடமாக இதைச் சொல்லிவருகிறேன். அம்பாசமுத்திரத்தில் இதுவரை யாரும் என் முகத்துக்கு நேரே மறுத்ததில்லை.

மகள் தேன்மொழி, பெங்களூரில் கூட வேலை பார்க்கும் அசாம்காரப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். பெயர் பிரணாப். நான் சத்தம் போடவில்லை. சத்தம் போடுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

"அவனும் அவன் அம்மையும் வந்து நம்ம வீட்டுல ஒரு வேளை சாப்பிடட்டும். இலையில மிச்சம் வைக்காம எந்திரிச்சா பொண்ணக் குடுக்கேன். மிச்சம் வச்சா பேச்சே கெடையாது" என்றேன்.

என் தங்கைகள் மூவருக்கும் என் தகப்பனார் இப்படித்தான் மாப்பிள்ளை பார்த்தார். சோற்றை மதிக்காதவன் பெண்ணையும் மதிக்கமாட்டான் என்பது அவர் எண்ணம். பிடிகருணை மசியலை இலையில் வைத்ததும் பையன் முகம் சுளிப்பான், விஷயம் மரியாதையாக முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

தை மாதம் அவர்கள் வருகிற அன்று காலையில் சுடலையாண்டியைத் தோண்டச் சொன்னேன். எங்கள் தோட்டத்தை வெகுகாலமாகப் பார்த்துக்கொள்பவர் அவர். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, தோண்டுன அன்னைக்கே ஆக்கப்பிடாது. ஒரு மாசமாவது நெழல்ல கெடக்கணும்லா. சந்தையில பழைய கெழங்கு இருக்கு, வாங்கியாரட்டுமா?"

வீடு தேடி வருகிறவர்களுக்குச் சந்தைக் கிழங்கா? தோண்டச் சொன்னேன்.

அடுப்படியில் என் மனைவி கோமு புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன்.

"நம்ம கெழங்குக்குப் புளி எதுக்கு?"

"முப்பது வருசமா புளித்தண்ணியில வேகவச்சுத்தான் போடுதேன். நீங்க அடுப்படிப் பக்கம் வந்தாத்தான தெரியும்."

"இன்னைக்கு ஊத்தாம ஆக்கு. உண்மை தெரியட்டும்."

"தெரியும்" என்றாள் கோமு.

மதியம் நான்கு பேரும் உட்கார்ந்தோம். பிரணாப், அவன் தாயார், தேன்மொழி, நான். கோமு பரிமாறினாள். மசியலில் முதல் கவளம் உள்ளே போனதும் நாக்கில் ஊசி ஊசியாகக் குத்தியது. பிறகு தொண்டையில். பையன் கண்ணில் தண்ணீர் நின்றது. "நல்லாயிருக்கு சார்" என்றான். யாரோ சொல்லிக்கொடுத்த தமிழ்.

"அப்பா, அரிக்குதா?" என்றாள் தேன்மொழி.

"எனக்கு ஏன் அரிக்கணும்?" என்றேன். குரல் என்னுடையதுபோல வரவில்லை.

அந்த அம்மாள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. எங்களுக்கென்று கொண்டுவந்திருந்த பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார். உள்ளே குடம்புளிபோலக் கறுத்துக் காய்ந்த துண்டுகள். தேன்மொழியிடம் இந்தியில் ஏதோ சொன்னார்.

"தெகேராவாம்பா, புளிப்புக் காய். அவங்க ஊர்ல சேப்பங்கெழங்க இது போட்டுத்தான் ஆக்குவாங்களாம். இன்னைக்குத் தோண்டுன கெழங்குன்னா ஒரு துண்டு காணாதாம்."

இன்று தோண்டியது என்று நாக்கிலேயே கண்டுபிடித்திருக்கிறார். தான் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு, பையனுக்கும் தேன்மொழிக்கும் கொடுத்தார். மூவரும் மசியலை வழித்துச் சாப்பிட்டார்கள். அந்த அம்மாள் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்.

மிச்சம் இருந்தது ஓர் இலையில்தான். அது என்னுடையது.

கோமு கரண்டியோடு என் எதிரே வந்து நின்றாள். "மிச்சம் வச்சா பேச்சே கெடையாதுன்னு யாரோ சொன்னாவ."

தேன்மொழி என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். விருந்தாளி கொடுப்பதை மறுப்பதும் எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. ஒன்று எடுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் தொண்டை வழிவிட்டது. இலையைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன்.

வைகாசியில் கல்யாணம். சொன்ன சொல்லை மாற்றுகிறவன் நான் இல்லை. எங்கள் தோட்டத்துப் பிடிகருணை அரிக்காது என்பதிலும் மாற்றமில்லை. இரண்டாவது துண்டையும் மரியாதைக்காகத்தான் வாங்கிக்கொண்டேன்.