யார் கையும் படாத சாம்பியன்

டொலேடோ ஊர்க்காரன் கிரிசாந்தோ பாய்லோசிஸ் மேல் மழை படாமல் போனது, அவன் குத்துச்சண்டைப் பட்டம் வென்று திரும்பிய வாரத்தில். மணிலாவிலிருந்து வந்த கப்பலை விட்டு இறங்கி, கொட்டுகிற மழையில் வீடுவரை நடந்து வந்தான், சட்டை நனையவில்லை. அரிசி விலை ஏறியிருந்த சமயம் என்பதால் ஊரில் இதைப் பெரிதாகப் பேசவில்லை. துவைக்கிற வேலை குறைந்தது என்று அவன் மனைவி பூரிங் மட்டும் மகிழ்ந்தாள். அப்போது அவள் நிறைமாதம்.

மணிலாவில் நடந்த அந்தச் சண்டையில், கடைசிச் சுற்றுவரை அவன் மேல் ஒரு குத்துகூட விழவில்லை. எதிராளி காற்றைக் குத்திக் குத்தியே களைத்துக் கயிற்றில் சாய்ந்தான். பத்திரிகைகள் அதைக் கலை என்றன. டிக்கெட் வாங்கியவர்களோ, "டேய், சண்டைக்கு வந்தியா, கல்யாணத்துல ஆட வந்தியா?" என்று கத்தினார்கள். குத்து வருவதைக் கண் காணும் முன்பே அவனுடைய தோள் விலகிவிடும். அந்த விலகலுக்காகத்தான் அவனைச் சாம்பியன் என்றார்கள்.

மழைக்குப் பிறகு தூசி படவில்லை, கொசு கடிக்கவில்லை. அதன் பிறகு பூரிங்கின் கையும் படவில்லை.

"எவ சொல்லிக்குடுத்தா இந்த நெளிப்ப? மணிலாக்காரியா?"

"நான் நகரல, பூரிங். உடம்பு தானா நகருது."

"உடம்பு யாருதாம்? பக்கத்து வீட்டுக்காரனுதா?"

சொல்லிவிட்டுச் சிரித்தவள், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். வலைக்கயிற்றால் அவனைக் கட்டிலோடு கட்டிப் பார்த்தாள். முடிச்சு அவிழாமல் கயிறு கட்டிலில் கிடந்தது. அவன் பக்கத்தில் நின்று மன்னிப்புக் கேட்டான். மகள் டெல்சா பிறந்தாள். அவளை ஒரு நாளும் அவனால் தூக்க முடியவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடினான்.

பட்டத்தைத் தோற்றால் சரியாகிவிடும் என்று நினைத்து, பாங்காக்கில் நடந்த சண்டையில் இரண்டு கைகளையும் தொங்கவிட்டு நின்றான். "கையத் தூக்குடா" என்றார் பயிற்சியாளர் பெடோய்.

"அடிக்கட்டும் அண்ணே. ஒண்ணே ஒண்ணு போதும்."

அந்த ஒன்று விழவில்லை. அவனுடைய ஆட்டங்களிலேயே நேர்த்தியானது அதுதான் என்று எழுதினார்கள். மூலையில் உட்கார்ந்து அவன் அழுதபோது, கண்ணீர் கன்னத்தைத் தொடாமல் நேராகத் தரையில் விழுந்தது.

டெல்சா பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருடம் பெரும்புயல் அடித்தது. ஆறு பொங்கி அவளை இழுத்துக்கொண்டு வந்து பாலத்துத் தூணில் மோதவிட்டது. கிரிசாந்தோ பாலத்தில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினான். பூரிங் எதிர்க்கரையில், இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, கையக் குடு" என்று தூணைப் பிடித்திருந்த பிள்ளை தாவியது. அவனுடைய தோள் விலகியது. ஒரு விரற்கடைதான், அதற்கு மேல் இல்லை. மணிலாவில் பத்திரிகைகள் கலை என்று எழுதிய அதே விலகல். தூண் வெறுமையாக இருந்தது.

ஊரில் யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. அவன் திரும்ப மேடை ஏறவும் இல்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனான். மூட்டைகள் அவன் தோளில் நிற்காமல் நழுவின. கடைசியில் சேவற்கட்டுக் கொட்டகை வாசலில் காவலுக்கு உட்கார்ந்தான். பூரிங் அவனை விட்டுப் போகவில்லை. அவள் திட்டுவது மட்டும் அவனைத் தொட்டது. அதனால் ஒரு நாளும் விடாமல், கஞ்சி வைக்கும்போது கொஞ்சம் திட்டினாள். அவன் தலை குனிந்து, முழுக்கக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டான். தலை நரைத்த பிறகும் இது நடந்தது.

அவன் இறந்த அன்று, படுத்திருந்த பலகையோடு சேர்த்துப் பெட்டிக்குள் இறக்கினார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் ஊர் வழக்கப்படி முற்றத்தில் காப்பி குடித்துக்கொண்டு சீட்டாடினார்கள். பூரிங் பெட்டியருகே வந்து, புடைத்த நரம்புள்ள கையை அவன் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். இப்போதாவது, என்று அவள் வாய் முணுமுணுத்தது. கிரிசாந்தோவின் தலை, கண் திறக்காமல், மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தது.

"சரி, இரு" என்றாள் பூரிங். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த சீட்டை இறக்கினார்கள்.